எனக்கு நன்றாகவே கேட்கிறது

ஜூன் 2, திங்கள்

'அருகில்' கம்பெனிக்காரர்கள் இன்று ஒரு செல்போன் கொடுத்தார்கள். முதியவர்கள் சிரமமில்லாமல் பேசுவதற்கென்று அவர்களே வடிவமைப்பது. இன்னும் கடைக்கு வரவில்லை. அதற்கு முன் எங்களைப் போன்ற சிலரிடம் இரண்டு மாதம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அனுபவங்களை அவ்வப்போது எழுதித் தர வேண்டுமாம். எழுதுவதற்குப் போனுக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. அதைத் திறக்க முடியாததால் இந்த டைரியில் எழுதுகிறேன். திறக்க முடியவில்லை என்பதை முதல் அனுபவமாக எடுத்துக்கொள்ளவும்.

என் பெயர் நாச்சிமுத்து. வயது எழுபத்தொன்று. கோயமுத்தூர் வடவள்ளியில் சொந்த வீடு. தொலைபேசி இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் ரிசீவரைக் காதில் வைத்த மாத்திரத்தில் கோளாறு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'விளம்பரத்தைப் பாத்து நாந்தானுங்க உங்க பேரக் குடுத்தேன்' என்கிறாள் மனைவி துளசிமணி. எப்படியானாலும் அவர்களுக்கு ஒரு நிபுணர் கிடைத்துவிட்டார்.

ஜூன் 4, புதன்

சரவணம்பட்டியில் அவர்கள் அலுவலகத்துக்குப் போனோம். துணைக்குத் துளசிமணியும் வந்தாள். போனை வடிவமைக்கும் இளைஞர் பெயர் தர்ஷன். நல்ல பிள்ளை, ஆனால் வாயைத் திறந்து பேசமாட்டார். போனதும் "ஊர் இருக்கா சார்?" என்று கேட்டார். பல்லடம் பக்கம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சர்க்கரை இல்லாத டீ கொண்டுவந்து வைத்தார். பல்லடத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று புரியவில்லை. அவர் கேட்டது "சுகர் இருக்கா" என்று துளசிமணி வெளியே வந்து சொன்னாள். தெளிவாகக் கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பேன்.

இன்று அவர்களுக்கு 'முதுமை அனுபவ நாள்'. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கையில் தடித்த உறை மாட்டிக்கொண்டு, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தார்கள்.

"உங்க கஷ்டத்தை நாங்க உணரணும் இல்லீங்களா சார்?" என்றார் தர்ஷன்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்களே."

"என்ன சார்?"

"கஷ்டம் இல்லைன்னேன்."

"சார்?"

நாலு தடவை சொல்லியும் அவருக்கு விழவில்லை. எனக்கு எரிச்சலாகிவிட்டது. காது கேட்காதவர்களோடு பேசுவது எவ்வளவு பெரிய சோதனை! வீட்டில் அப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டிருப்பவர்கள் பாவம். பஸ்ஸில் துளசிமணியிடம் இதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரோடு மோசம்.

ஜூன் 7, சனி

போனைப் பற்றி. பெரிய திரை. திரையில் நாலு படங்கள். யாரிடம் பேச வேண்டுமோ அவர் முகத்தைத் தொட்டால் போதும். முதல் படம் துளசிமணி. ஒரே வீட்டில் இருப்பவளை எதற்குக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இரண்டாவது மகள் சுகந்தி. புனேயில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் பெரிய கம்பெனியில் இஞ்சினியர். மூன்றாவது துளசிமணியின் அண்ணன், கோபிச்செட்டிபாளையம் பொன்னுரங்கம் மச்சான். சுகந்தியின் சம்பந்தத்தை முடித்து வைத்தவர் அவர்தான். நாலாவது படத்துக்கு யாரும் அகப்படவில்லை. தர்ஷன் கேஸ் கம்பெனியைப் போட்டுக் கொடுத்தார்.

பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஆம்புலன்ஸ் வரும். இன்று சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தபோது போன் பின் பாக்கெட்டில் இருந்தது. பாதித் தலை ஆகியிருக்கும்போது வாசலில் ஆம்புலன்ஸ். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்துவிட்டார்கள். அழுத்தியதும் போன் 'உங்களுக்கு ஆபத்தா?' என்று மூன்று முறை கேட்குமாம். பதில் வராவிட்டால் மயக்கம் என்று எடுத்துக்கொள்ளுமாம்.

"கேக்கவே இல்லீங்களே" என்றேன்.

"நல்லா சத்தமாத்தானுங்க கேட்டுச்சு" என்றான் முடிவெட்டுபவன். "நீங்க பதில் சொல்லுவீங்கன்னு நான் கம்முனு இருந்தேன்."

அவனுக்குக் கத்தரி வேலையைத் தவிர எதில் தலையிடுவது என்று தெரியாது. அனுபவம்: போனின் குரல் மிகவும் மெலிவு. சரிசெய்ய வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

துளசிமணி பக்கத்துத் தெருவில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தபோது சுகந்தி கூப்பிட்டாள். பச்சைப் படத்தைத் தொட்டதும் எடுத்துக்கொண்டது. இது நல்ல வசதி.

லைன் சரியில்லை. ஆனாலும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். அவளும் மாப்பிள்ளையும் புரிந்துகொண்டார்களாம். "அப்பா, நானும் அவரும் புரிஞ்சுட்டோம்ப்பா" என்றாள். அவர்களுக்குள் ஆறு வருஷமாக ஏதோ மனத்தாங்கல். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எனக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப நல்லது கண்ணு! இத நீ ஆறு வருசத்துக்கு முன்னாலயே செஞ்சிருக்கோணும்" என்று சொன்னேன். வேறு வீடு பார்த்திருக்கிறாளாம், வாடகைக்கு. அதுவும் நல்லது என்றேன். இப்போது இருக்கும் வீட்டில் காற்றோட்டம் போதாது. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள். சொல்கிறேன், கவலைப்படாதே, அப்பா இருக்கிறேன் என்றேன்.

அதற்கப்புறம் லைனில் ஒரே கரகரப்பு. இரண்டு மூன்று நிமிடம் விட்டு விட்டு வந்தது. கோளாறு புனே பக்கம்.

ஜூன் 13, வெள்ளி

துளசிமணியிடம் சொன்னேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அழுதாள். அப்புறம் மருதமலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

வந்ததும் தன் போனில் மகளைக் கூப்பிட்டாள். "அப்பா எல்லாஞ் சொன்னாரு கண்ணு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு சாமி" என்றாள். அங்கே அவள் அழுதிருக்கிறாள். இங்கே இவள் அழுதாள். வேறெதுவும் பேசாமல் வைத்துவிட்டார்கள். பெண்கள் போனைப் பயன்படுத்தும் முறையைப் பற்றித் தர்ஷன் தனியாக ஆராய்ச்சி செய்யலாம்.

அதே போனை வாங்கி நான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் எடுத்தது நல்ல முடிவுங்க மாப்ள. எங்களுக்குப் பரம திருப்தி" என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "சரிங்க" என்ற மாதிரி இருந்தது. எப்போதும் அளந்து பேசுகிறவர்.

துளசிமணி பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பட்டு சுட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி சட்டையும் வைத்துப் புனேக்குப் பார்சல் அனுப்பினாள். வீடு மாறும் வேலையும் ஆபீஸில் ஏதோ பயிற்சியும் இருப்பதால் கொஞ்ச நாள் கழித்துத்தான் சாவகாசமாகப் பேச முடியும் என்று சுகந்தி செய்தி அனுப்பியிருக்கிறாள். கடைசியில் 'அப்பாவுக்கு நன்றி' என்று தனியாக ஒரு வரி. எதற்கு நன்றி என்று தெரியவில்லை. வளர்த்ததற்காக இருக்கும்.

ஜூன் 19, வியாழன்

போனின் குரல் மெலிவு என்ற என் குறிப்பை ஏற்றுக்கொண்டு புதிய ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். என் ஒருவன் சொல்லுக்காக எல்லாப் போனிலும் மாற்றுகிறார்களாம். இலாகாவில் ஒரு ஸ்டூலை மாற்ற இரண்டு வருஷம் ஆகும்.

மச்சானைக் கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தம் இடி மாதிரி வருகிறது. ஆனால் சத்தம்தான் இருக்கிறது, சொல் இல்லை. குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி. முப்பது நிமிடம் பேசினோம். மச்சான் ஏதோ நிலத் தகராறைச் சொன்னார் போல. நான் உரிய இடங்களில் 'அட', 'அப்புறம்?', 'அது சரி' என்று போட்டுக்கொண்டு வந்தேன். இந்த மூன்றும் இருந்தால் யாரிடமும் எவ்வளவு நேரமும் பேசலாம்.

ஜூன் 26, வியாழன்

எதிர்வீட்டுக்காரர் வந்து, மச்சானின் நிலத் தகராறில் தனக்குத் தெரிந்த சர்வேயர் ஒருவர் இருக்கிறார் என்றும், இனிமேல் போன் பேசும்போது கதவைச் சாத்திக்கொண்டால் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 3, வியாழன்

தர்ஷன் வீட்டுக்கே வந்து புதிதாக ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். எதிர்முனையில் பேசுகிறவர் சொல்வதெல்லாம் திரையில் பெரிய எழுத்தில் ஓடும். "காது கேக்காதவங்களுக்கு ரொம்ப உதவும் சார்" என்றார். அப்படிப்பட்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள், நான் சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். நான் சொல்வதை அவர் குனிந்து குறித்துக்கொண்டார். துளசிமணி அவருக்கு இரண்டாவது தடவையாக முறுக்கு வைத்தாள்.

மச்சான் பேசினார். மிஷினுக்குக் கோபிப் பேச்சு பிடிபடவில்லை. "வாங்கோணும்" என்றால் 'வான் கோணம்' என்று எழுதுகிறது. "போயிட்டானுங்க" என்றால் 'போய் டான் உங்க' என்கிறது. சிரித்து மாளவில்லை.

பிறகு சுகந்தி. அவள் பேச்சுக்கு மிஷின் இன்னும் மோசம். 'பிரிஞ்சதுக்கு அப்புறம் இப்பத்தான் நிம்மதியா தூங்கறேன் அப்பா' என்று எழுதியது. புரிஞ்சதுக்கு அப்புறம் என்று இருக்க வேண்டும். 'நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போறேன்' என்றது. வாக்கிங் போகிறேன் என்று சொல்லியிருப்பாள். நல்ல பழக்கம், விடாமல் போ என்றேன். 'நீங்க இப்படி இருக்கறது எவ்வளவு தைரியமா இருக்கு தெரியுமா' என்று வந்தது. அதை மட்டும் மிஷின் சரியாக எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிழைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பமே மாறிவிடும் என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு போனை வயதானவர்கள் கையில் கொடுத்தால் நெஞ்சு வலி வந்துவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

இந்தக் குறிப்பை அவர்களுக்குக் கொடுக்கப் போவதில்லை.

சரவணம்பட்டிக்குத் தனியாகத்தான் போனேன். ஒரு சின்ன கண்ணாடி அறை. தர்ஷனும் அவரோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும் இருந்தார்கள். என் தாளைக் கொடுத்தேன். "பிரிஞ்சுட்டோம்னு எழுதுது உங்க மிஷின். எம் பொண்ணு சொன்னது புரிஞ்சுட்டோம். போன மாசமே எங்கிட்டச் சொன்னா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது" என்றேன்.

தர்ஷன், "அந்தக் காலும் நம்ம போன்லதானே சார் வந்துச்சு? டெஸ்ட் போன்ல வர்ற எல்லாமே பதிவாகும், முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதைப் போட்டுப் பாத்தா மிஷினோட தப்பு என்னன்னு தெரிஞ்சிரும்" என்றார்.

போடுங்க என்றேன். நான்தான் சொன்னேன்.

அந்த அறையில் சுவரோடு சுவராகப் பெரிய ஸ்பீக்கர் இருந்தது. தர்ஷன் கம்ப்யூட்டரில் ஏதோ நகர்த்திச் சத்தத்தில் இருந்த இரைச்சலையெல்லாம் எடுத்துவிட்டார். சுகந்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"அப்பா, நானும் அவரும் பிரிஞ்சுட்டோம்ப்பா."

பிறகு என் குரல். நான் அவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. "ரொம்ப நல்லது கண்ணு! இத நீ ஆறு வருசத்துக்கு முன்னாலயே செஞ்சிருக்கோணும்!"

"அப்பா... நெசமாவாப்பா சொல்றீங்க? நான் தனியா வீடு பாத்துட்டேன்ப்பா. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்."

"வீடு பாத்தது அத விட நல்லது. வாடகையா, சொந்தமா?"

"வாடகைதாம்ப்பா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது."

"நாஞ் சொல்லிக்கறேன். நீ எதுக்கும் கவலப்படாத. அப்பா இருக்கேன்."

அதற்கப்புறம்தான் நான் கரகரப்பு என்று எழுதினேனே, அது. அவள் அழுதுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவள் விட்டு விட்டு மூச்சு வாங்குவாளே, அப்படி. அந்தப் பக்கம் அவள் அழ, இந்தப் பக்கம் நான், "ஹலோ, ஹலோ, லைன் சரியில்ல கண்ணு, புனேல மழையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தர்ஷன் நிறுத்திவிட்டார். மற்ற இரண்டு பேரையும் கண்ணால் வெளியே போகச் சொன்னார். தானும் எழுந்து கதவுக்கு வெளியே போய்ச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து நானே கதவைத் திறந்தேன். "உங்க மிஷின் சரியாத்தானுங்க எழுதியிருக்குது" என்று சொல்லிவிட்டு என் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

ரேஷன் கடைக்குப் போனேன். துவரம்பருப்பு வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

துளசிமணியிடம் சொல்லிவிட்டேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரை கையை நிறுத்தவில்லை. முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. தழையெல்லாம் போய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மனசு நெறஞ்சு போச்சுன்னு சொன்னப்ப அவ என்ன நெனச்சிருப்பா?" என்றாள்.

"இப்பவே கூப்புட்டு, தப்பாப் போச்சு, எனக்குச் சரியா விழுகலைன்னு சொல்லிரட்டுமா? பேசிச் சேத்தி வெச்சரலாம்."

"எதுக்குச் சேத்தி வெக்கோணும்?"

நான் கீழே கிடந்த தழையைப் பொறுக்கினேன்.

"அந்த ஆளு மாசக்கணக்கா அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாருங்க. கோவம்னா மூணு மாசம், நாலு மாசம். சோத்த வெச்சாத் திம்பாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. அவ ஒவ்வொரு தடவை வந்தப்பவும் சொன்னா. நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"குடிக்கறாரா, அடிக்கறாரா, கம்முனுதானே இருக்கறாரு, பொறுத்துப் போன்னு சொன்னீங்க. அப்பெல்லாம் உங்களுக்குக் காது நல்லாத்தானுங்க கேட்டுச்சு."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. துளசிமணிக்குச் சில சமயம் நாள் கிழமை குழம்பும்.

"எல்லாத்தையும் நல்லாக் கேட்டுட்டு நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணுத்துக்கும் உதவல" என்றாள். "கேக்காம ஒண்ணு சொன்னீங்க, அவ தூங்கறா. அத எடுத்துப்போட்றாதீங்க."

பிறகு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு ஆர்.எஸ். புரத்துல காது டாக்டரப் பாக்கறோம். நேரம் வாங்கியாச்சு" என்றாள். எப்போது வாங்கினாய் என்று கேட்டேன். மூன்று வருஷமாக வாங்கி வாங்கி ரத்து செய்துகொண்டிருக்கிறாளாம்.

ஜூலை 11, வெள்ளி

காதில் அழுக்கு இருக்கும், எடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டரிடம் சொன்னேன். பார்த்துவிட்டு, பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். ஒரு பெட்டி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார்கள். வெகுநேரமாகச் சத்தமே வரவில்லை. மிஷின் பழுது என்று நினைத்து, உதவி செய்யலாம் என்று எழுந்து வெளியே வந்தேன். பாதிச் சோதனை முடிந்திருந்தது.

ஜூலை 16, புதன்

இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டிக்கொண்டு வந்தேன். கத்தரிப் பூ நிறம் ஒன்று காட்டினார்கள். தோல் நிறமே போதும் என்றேன்.

நம் வீட்டு ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா? என் செருப்பு கீச்சிடுகிறது, பேப்பரைத் திருப்பினால் பட்டாசு மாதிரி இருக்கிறது. துளசிமணி வேலை செய்யும்போது முணுமுணுப்பாள் என்று தெரியும். அதில் வார்த்தைகள் உண்டு என்று தெரியாது. முக்கால்வாசி என்னைப் பற்றி.

மத்தியானம் தர்ஷன் வந்தார். ரொம்பத் தயங்கினார். எழுத்து ஓடும் வசதி அவர்கள் முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அந்த உரையாடலைப் பெயர் மாற்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டு வரச் சொன்னாராம். 'ஒரு போன், ஒரு குடும்பத்தின் உண்மை' என்று தலைப்பு வரை தயார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உங்ககிட்டக் கேக்கறேன்னு சொன்னேன் சார். அதுக்கு முன்னாடி பதிவை அழிச்சுட்டேன். இப்ப நீங்க சம்மதிச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த ஒரு தடவை அவர் வாயைத் திறந்து தெளிவாகப் பேசினார். அல்லது எப்போதும் அப்படித்தான் பேசினாரோ என்னவோ. போனைத் திருப்பிக் கொடுத்தேன். துளசிமணி முறுக்கு டப்பாவையே கொடுத்தனுப்பினாள்.

ஜூலை 20, ஞாயிறு

சுகந்தி வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். ஒரு பெட்டி, ஒரு தோள்பை. கம்பெனியில் கோயமுத்தூர் கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாளாம். கிடைக்கும் வரை விடுமுறை. எதிர்வீட்டுக்காரர், "பொண்ணு ஆடிக்கு வந்திருக்குதுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். ஆடி முடிந்தபின் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

என் காதைப் பார்த்தாள். "எப்ப போட்டீங்கப்பா?"

"இப்பத்தான். சும்மா, ஒரு முன்னெச்சரிக்கைக்கு."

அவள் துளசிமணியைப் பார்த்தாள். துளசிமணி அடுப்பைப் பார்த்தாள்.

சாப்பிடும்போது சொன்னாள்: "அன்னைக்கு நான் பாத்து வெச்ச வாடகை வீட்டு வாசல்ல உக்காந்துட்டுத்தாம்ப்பா உங்களக் கூப்பிட்டேன். நீங்க எப்பவும் போல பொறுத்துப் போன்னு சொல்லியிருந்தா, பெட்டியத் தூக்கிட்டு அவரு வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பேன். கூட்டிட்டு வந்த ஆட்டோக்காரர் கூட நின்னுட்டே இருந்தாரு."

தண்ணீரை எடுத்துக் குடித்தேன். ரசம் காரம் என்றேன். ரசம் இன்னும் ஊற்றவே இல்லை என்றாள் துளசிமணி.

ஜூலை 27, ஞாயிறு

பொன்னுரங்கம் மச்சான் வருவதாகச் சொல்லாமல் வந்துவிட்டார். கூட மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், சந்தனப் பொட்டும் கைப்பையுமாக. சுகந்தி சமையலறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

மச்சான் சுற்றி வளைக்கவில்லை. "அங்க எல்லாருக்கும் விசயம் தெரிஞ்சு போச்சுங்க மாப்ள. நீங்க சரியாக் காது கேக்காம சொல்லிப்போட்டீங்க. பிரிஞ்சுட்டோம்ங்கற பொண்ணுக்கு எந்த அப்பனாவது ஒப்பட்டு சுட்டு அனுப்புவானுங்களா? புருசனக் கூப்புட்டுப் பரம திருப்தின்னு சொல்லுவானுங்களா? ஜெயப்பிரகாசு தம்பிக்கே அப்பறந்தான் வெளங்கியிருக்குது."

சித்தப்பா, "தப்பு யார் மேலயும் இல்லீங்க. வயசானா வர்றதுதான். எங்களுக்கும் அதுல வருத்தமில்லை" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"ஆமா, ஒண்ணும் கெட்டுப் போயிரல" என்றார் மச்சான். "இப்பத்தான் மிசினு போட்டிருக்கீங்கல்ல, அதுவே சாட்சி. புள்ளயக் கூப்புட்டு, எனக்கு அன்னைக்குக் கேக்கல கண்ணு, போய்ப் பொழைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஆடி போகட்டும், ஆவணியில நானே கூட்டிட்டுப் போய் உட்டுட்டு வர்றேன்."

மூன்று வருஷமாக என் பெண்டாட்டி, சலூன்காரன், எதிர்வீட்டுக்காரர், ஒரு கம்பெனி முழுக்க உள்ள இளைஞர்கள் எல்லாரும் எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது இந்த மனிதர் மரியாதையாக, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒரே ஒரு தடவை ஒத்துக்கொள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்கிறார். ஊரில் பேச்சு வராது. மச்சானுக்கும் தலைநிமிர்வு. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. துளசிமணி கதவருகில் நின்று என்னையே பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கு நல்லாக் கேட்டுச்சுங்க மச்சான்" என்றேன்.

"மாப்ள..."

"எம் பொண்ணு பிரிஞ்சுட்டோம்னு சொன்னா. ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு. ரொம்ப நல்லதுன்னு சொன்னேன்."

"அப்பறம் ஒப்பட்டு எதுக்குங்க?" என்றார் சித்தப்பா.

"நல்ல சேதின்னா நாங்க ஒப்பட்டு சுடறது வழக்கமுங்க."

"வேட்டி சட்ட?"

நான் துளசிமணி பக்கம் திரும்பினேன். "பதினோரு வருசம் பழகியிருக்கறோம். வெறுங்கையோட அனுப்ப முடியுங்களா?" என்று துளசிமணி சொன்னாள்.

மச்சான் எழுந்துவிட்டார். போகிறபோது என்னைப் பற்றி, என் வம்சத்தைப் பற்றி, என் புத்தியைப் பற்றிப் படிக்கட்டில் நின்று சொன்னதெல்லாம் கேட்டது. நல்ல மிஷின்தான்.

அவர்கள் தண்ணீர் குடித்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சுகந்தி முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது. திரும்பாமல், தனக்குத்தானே சொல்கிற மாதிரி, தண்ணீர்ச் சத்தத்துக்கும் கீழே கேட்டாள்:

"நெசமாவே கேட்டுச்சாப்பா?"

நான் டம்ளர்களை அவள் பக்கத்தில் வைத்தேன். துண்டை எடுத்து, அவள் கழுவி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பித்தேன்.